கட்டிப்போட்டு வெட்டு

வணக்கம் நேயர்களே. பாக்டீரியா எப்பிடி வளருது எண்டு கதைக்கச் சொல்லித்தான் கூப்பிட்டவை. கனகாலம் ஏ.எல். பயோ படிப்பிச்சனான், ஆனா இந்த விசயத்த எனக்கு விளங்கப்படுத்தினது புத்தகமில்ல, டச்சுபே கடற்கரையில வலை பொத்திக்கொண்டிருந்த என்ர சித்தப்பா.

மனுசன் விடியவே ஊசியும் நூலுமா குந்தினா வெயில் ஏறும்வரைக்கும் எழும்பாது, நான் பக்கத்தில இருந்து நூல் சுத்திக் குடுப்பன். ஒருநாள் நான் முந்திக்கொண்டு கிழிஞ்ச துண்டக் கத்தியால வெட்டிப்போட்டன், அவ்வளவுதான், சுத்தியிருந்த வலைக்கண்ணெல்லாம் குழம்பி சாண் ஓட்டை முழமாப் போச்சு. தலையில ஒரு குட்டு. "முதல்ல புதுசக் கட்டு, பிறகு பழச வெட்டடா!" அந்தக் குட்டு இப்பவும் நோகுது.

சரி, பாக்டீரியாவுக்கு வாறன். அதுக்கு வெளியில சுவர் இருக்கு, சீமெந்துச் சுவர் எண்டு நினைக்காதேங்கோ, வலை. சீனி மாதிரி மூலக்கூறுகளக் கோர்த்த நீட்டு நூல், நூலுக்கு நூல் குறுக்கால புரதத்துண்டு முடிச்சு. பெப்டிடோகிளைகன் எண்டு பேர், பேர மறந்தாலும் வலைய மறக்காதேங்கோ. உள்ளுக்க உப்பும் சத்தும் செறிவா இருக்கிறபடியா தண்ணி உள்ள இழுபட்டுக்கொண்டே இருக்கும். கருவாட்டுக்கு உப்புப் போட்டா மீனில இருந்து தண்ணி வெளிய வருமே, அதே கதைதான், பக்கம் மட்டும் மாறிப்போச்சு. சில பாக்டீரியாவுக்குள்ள அமுக்கம் சைக்கிள் டயரில இருக்கிறத விடக் கூட. வலை அறுந்தா வெடிச்சுப் போகும்.

ஆனா வளரோணுமே! ஈ கோலை எண்ட பாக்டீரியா நல்ல சாப்பாடும் 37 பாகைச் சூடும் கிடைச்சா 20 நிமிசத்துக்கொருக்கா ரெண்டாகும், அந்த 20 நிமிசத்துக்குள்ள வலையும் ரெண்டு மடங்காகோணும். மீன் நிறைஞ்சு இழுபடுற வலைய, கடலுக்கையே வச்சுப் பெருப்பிக்கிற வேலை. வெட்டத் தனி நொதியங்கள், அதாவது கலத்தில வேலை செய்யிற புரதங்கள், நூல் கோர்த்து முடிச்சுப் போட வேற நொதியங்கள். புதுசக் கட்டின பிறகுதான் பழசு வெட்டுப்படுது எண்டு ஆராய்ச்சிக்காரர் பலர் நினைக்கினம். சித்தப்பா சொன்னதுதானே! கோல் மாதிரியான பாக்டீரியாவில இந்தக் கோர்க்கிற ஆக்கள் உடம்பச் சுத்திக் குறுக்கால ஓடினபடி கோர்க்கினம், அதாலதான் அது தடிக்காம நீளுது.

1928ல பிளெமிங் கண்ட பெனிசிலின் மருந்து என்ன செய்யுது? முடிச்சுப் போடுற நொதியத்தில போய் ஒட்டிக்கொள்ளுது. வெட்டுறவை வெட்டிக்கொண்டே இருப்பினம், கட்ட ஆளில்ல. நான் கத்தியோட செஞ்ச அதே வேலை. வளராமச் சும்மா கிடக்கிற பாக்டீரியாவை அது பெருசா ஒண்டும் செய்யாது. எங்கட கலத்துக்கு இந்த வலையே இல்ல. வைரசுக்கும் இல்ல, பிறகேன் வைரசால தடிமன் வந்தவுடன பார்மசியில போய் பெனிசிலின் வகை அமொக்சிசிலின் தாங்கோ எண்டு நிக்கிறியள்? எங்க போனாலும் இதச் சொல்லுவன், இன்னும் சொல்லுவன்.

ஐயோ, கண்ணாடிக்கு அங்கால நேரம் முடிஞ்சுதெண்டு கை காட்டுகினம். கடைசியா ஒண்டு. ஈ கோலைக்கு வலைக்கு வெளியில இன்னொரு கொழுப்புப் போர்வை இருக்கு, அதுக்கான சாமானும் உள்ளுக்கதான் செய்யப்படுது, கொழுப்பு தண்ணிக்குள்ளால தனிய நீந்தாதே, அதால புரதத்தால பாலம் கட்டி ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தள்ளி வெளிய அனுப்புது. உண்மையில இன்டைக்கு இதத்தான் விரிவாச் சொல்ல வந்தனான், சித்தப்பா நேரத்தத் திண்டிட்டார். வணக்கம்.