பாவும் ஊடையும்: ஜெனரேட்டர் பற்றி ஒரு பேச்சு

(ஈரோட்டில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஜெனரேட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, கரண்ட்டுதான் இப்ப ஒழுங்கா வருதே, அதையெதுக்குப் பேசற?" சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிய வீட்டில் அந்தச் சொல்லுக்கு டீசல் வாசம் உண்டு. நான் பேச வந்தது பைத்தான் என்ற கணினி மொழியில் இருக்கிற ஜெனரேட்டர். ஆனாலும் தறிக்குடோனை விட்டு வெளியே போகாமலே அதைச் சொல்லிவிடலாம்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் தறி இருக்கிறது? கை தூக்குங்கள். பரவாயில்லையே, பாதிப் பேர் இருக்கிறீர்கள்.

தறியில் நூல் இரண்டு வழியாக வருகிறது. நீளவாக்கில் போவது பாவு. சைசிங் மில்லில் கஞ்சி போட்டு, ஆயிரக்கணக்கான இழைகளையும் பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றி, ஒவ்வொன்றாக அச்சில் கோத்து முடித்த பிறகுதான் தறியே ஓடும். பாதிப் பாவை வைத்துக்கொண்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. குறுக்கே போவது ஊடை. குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் ஒரு தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, இருக்கும். நாடா ஒரு முறை போனால் ஒரு இழை அவிழும், அவ்வளவுதான். நாளைக்கு நெய்யப்போகிற துணிக்கான ஊடையை இன்றைக்கே யாரும் அவிழ்த்துத் தரையில் போட்டு வைப்பதில்லை.

பைத்தானில் எல்லா மதிப்பையும் முதலிலேயே சேர்த்து வைக்கிற லிஸ்ட் என்பது பாவு. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருகிற ஜெனரேட்டர் என்பது ஊடை.

பாவுக்கு இடம் வேண்டும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இப்போதைய 64 பிட் கணினியில் ஒரு கோடி எண்களை லிஸ்ட்டாக வைத்தால், எந்த எண் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க மட்டும் எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 கோடி பைட். எண் ஒவ்வொன்றும் தனியாக 28 பைட் எடுக்கும். மொத்தம் சுமார் 36 கோடி பைட். அதே ஒரு கோடியை, இதிலிருந்து இதுவரை என்று சொல்கிற ரேஞ்ச் ஆக எழுதினால் 48 பைட். நூறு கோடியானாலும் அதே 48தான், ஏனென்றால் அது எண்களை வைத்துக்கொள்வதில்லை. தொடக்கம், முடிவு, தாவல் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போது கணக்குப் போட்டுத் தருகிறது. பைத்தான் 2-இல் ரேஞ்ச் என்றால் முழு லிஸ்ட்டையும் கட்டிவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 தான் அதை மாற்றியது. ஒன்றைக் கவனியுங்கள்: ரேஞ்ச் சோம்பேறிதான், ஆனால் ஜெனரேட்டர் இல்லை. அதன் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம். இந்த வேறுபாட்டுக்குத் திரும்ப வருகிறேன். அதில் எனக்கு ஒரு அடி விழுந்திருக்கிறது.

சரி, ஜெனரேட்டர் எப்படி வேலை செய்கிறது? ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்துப் பெயர் வைத்தால் அது ஃபங்ஷன். சாதாரண ஃபங்ஷன் ரிட்டர்ன் என்றதும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். உள்ளே இருந்த மாறிகளெல்லாம் போச்சு. ரிட்டர்னுக்குப் பதில் யீல்டு என்று எழுதினால் கதை வேறு. மதிப்பைக் கொடுத்துவிட்டு அந்த வரியிலேயே நிற்கும். மாறிகள் அப்படியே இருக்கும். அடுத்து நெக்ஸ்ட் என்று கேட்டால் நின்ற இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து தொடரும். தறியைக் கைப்பிடி தட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறோம். வந்து பார்த்தால் நாடா எந்தப் பெட்டியில் இருந்ததோ அங்கேயே இருக்கிறது, நெய்த துணி நெய்தபடி இருக்கிறது. தட்டினால் அடுத்த ஊடை. யீல்டு என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் மகசூல் என்றும் பொருள், வழிவிடு என்றும் பொருள். இந்த இடத்தில் இரண்டுமே சரி.

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவது இன்னோர் இடத்தில். யீல்டு உள்ள ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரின்ட் போட்டுவிட்டு அதை அழைத்துப் பாருங்கள். திரையில் ஒன்றுமே வராது! அழைத்தால் உள்ளே ஒரு வரிகூட ஓடுவதில்லை. தாரை நாடாவில் மாட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். முதல் நெக்ஸ்ட்டில்தான் பிரின்ட் வரும். நூல் தீர்ந்ததும் ஸ்டாப் இட்டரேஷன் என்ற விதிவிலக்கு, அதாவது இனி இல்லை என்கிற சைகை, எழும். ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் திரும்ப வேலை செய்கிற ஃபார் லூப் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு முடிந்துவிடும்.

இந்த யோசனை பைத்தானில் பிறந்ததில்லை. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவர் குழுவினரும் 1970களில் உருவாக்கிய க்ளூ மொழியிலேயே யீல்டு உண்டு. பைத்தானுக்கு அது 2001 டிசம்பரில், 2.2 பதிப்பில் வந்தது. அந்தப் பதிப்பில் அதுவும் எதிர்காலத்திலிருந்து இறக்குமதி செய் என்று மேலே ஒரு வரி எழுதினால்தான் வேலை செய்தது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2015 வரை ஆனது.

இப்போது அந்த அடி. திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நிட்டிங் மெஷின்கள் எழுதித் தள்ளிய பதிவுக் கோப்பு 6 ஜிபி. என் கணினியில் ராம் 4 ஜிபி. நான் ரீட்லைன்ஸ் போட்டு எல்லா வரியையும் ஒரே மூச்சில் உள்ளே இழுத்தேன். கணினி உறைந்துவிட்டது. பக்கத்து நாற்காலி அண்ணன் வந்து அந்த ஒரு சொல்லை அழித்தார். "கோப்பு மேலேயே லூப் போடு, வரி வரியாத் தரும்" என்றார். ஓடியது.

அப்புறம் எனக்குக் கை ஊறியது. வரியைப் படிக்க ஒரு ஜெனரேட்டர், நூல் அறுந்த வரியை மட்டும் விட ஒன்று, அதிலிருந்து மெஷின் நின்ற நிமிடத்தை எடுக்க ஒன்று என்று மூன்றைக் கோத்தேன். ஒரு வரி மூன்றையும் தாண்டிய பிறகுதான் அடுத்த வரி கோப்பிலிருந்து வரும். முதல் பத்து போதும் என்று நிறுத்தினால் மீதி 6 ஜிபியை யாரும் தொடுவதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் முறை வந்தால் உங்களுக்கு வேண்டுமோ வேண்டாமோ தண்ணீர் வந்துவிடும். இது கிணறு, மோட்டார் போட்டால்தான் வரும்.

அந்த நிமிடங்களைக் கூட்டினேன், சரியாக வந்தது. அதே ஜெனரேட்டரை மறுபடி ஒரு லூப்பில் விட்டு எத்தனை முறை நின்றது என்று எண்ணினேன். பூஜ்யம். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கூட்டும்போதே தார் தீர்ந்துவிட்டது. நான் வெறும் தார்க்குச்சியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மெஷின்கூட நிற்கவில்லை என்கிற அறிக்கை முதலாளி மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மகிழ்ச்சியாக இருந்தது ஒரு மணி நேரம்தான்.

சோம்பலுக்கு இப்படி விலை உண்டு. ஜெனரேட்டரிடம் நீளம் கேட்க முடியாது, ஐந்தாவதைக் கொடு என்று நேராகக் கேட்க முடியாது. வரிசைப்படுத்த வேண்டுமென்றால் எல்லாம் கையில் இருந்தாக வேண்டும், அது பாவு வேலை. தவறும் தள்ளித்தான் வெடிக்கும். கோப்பைத் திறந்து, அதிலிருந்து ஜெனரேட்டர் செய்து, கோப்பை மூடிவிட்டு, பத்து வரி தள்ளி லூப் போட்டால், மூடிய கோப்பைப் படிக்க முடியாது என்று அங்கேதான் கத்தும். கோளாறு இருக்கிற இடம் ஒன்று, கத்துகிற இடம் ஒன்று.

முன்வரிசையில் ஒரு தங்கச்சி, "அப்ப ஜெனரேட்டரை முதல்ல இருந்து ஓட்ட வழியே இல்லீங்களா?" என்று கேட்கிறார். அதே ஜெனரேட்டரை மறுபடி ஓட்ட வழி இல்லை. ஆனால் அதைச் செய்த ஃபங்ஷன் இருக்கிறதல்லவா, அதை மறுபடி அழைத்தால் புதுத் தார் கிடைக்கும். கோப்பைத் திறப்பதையும் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன். மொத்தமே இருநூறு வரி என்றால் இதெல்லாம் எதற்கு, பேசாமல் லிஸ்ட் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.