டாக் பிரெஸ்காட் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

அவையில் கூடியிருக்கும் நண்பர்களே, பெரியோர்களே, கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டாலஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் நமக்கு இந்த வழக்கு புதியதல்ல. 2024 செப்டம்பர் 8ஆம் தேதி, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, டாலஸ் கௌபாய்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுடன் நான்கு ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 6 கோடி. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் அதுவரை எந்த ஆட்டக்காரரும் ஆண்டுச் சராசரியில் இந்தத் தொகையைத் தொட்டதில்லை. அன்று மாலையே பேச்சு தொடங்கிவிட்டது. இவ்வளவு பணம் ஒருவருக்கு எதற்கு, நாலரைக் கோடி வாங்கிக்கொண்டு மீதியை அணிக்கு விட்டிருந்தால் நல்ல தடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்திருக்கலாமே என்றார்கள். 2025 ஆகஸ்டில் தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் கிரீன் பே அணிக்குப் போன பிறகு அந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. பிரெஸ்காட் விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நிலையில் இருக்கும் எந்த நட்சத்திர குவார்ட்டர்பேக்குக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு சொல். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாரை நோக்கி எறிவது என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுப்பவர். 53 பேர் கொண்ட அணியின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த ஒருவர் கையில் இருக்கிறது. அந்த 53 பேருக்கும் சேர்த்து ஓர் அணி எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. முதலாம் ஆண்டில் அது 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. ஒருவர் கூடுதலாக எடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும் என்ற எண்ணம் இந்த உச்சவரம்பிலிருந்துதான் பிறக்கிறது. பேஸ்பாலில் இப்படிப்பட்ட கட்டாய உச்சவரம்பு இல்லை. அதனால் அங்கே யாரும் ஒரு பந்துவீச்சாளரைப் பார்த்துத் தியாகம் செய்யச் சொல்வதில்லை.

தியாகத்தை வலியுறுத்துவோர் முதலில் காட்டும் சாட்சி டாம் பிரேடி. காட்ட வேண்டிய சாட்சிதான். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 199ஆவது ஆளாகத் தேர்வான குவார்ட்டர்பேக். பருவத்தின் பட்டத்துக்கான இறுதி ஆட்டமாகிய சூப்பர் போலை நியூ இங்கிலாந்து அணிக்கு ஆறு முறை வென்று கொடுத்தார். தன் நிலையிலிருந்த மற்றவர்களைவிடக் குறைவான சம்பளத்துக்குப் பல ஆண்டுகள் ஆடினார். அதே காலத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக்கான பெய்டன் மேனிங் இண்டியானாபொலிஸில் உச்ச விலை வாங்கினார், அந்த அணிக்காக ஒரே ஒரு சூப்பர் போல்தான் வென்றார். இப்படி இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் வாதம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தின் ஒரே ஒரு வசந்தத்தை, 2013ஆம் ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

பிப்ரவரி கடைசியில் பிரேடி மூன்று ஆண்டு நீட்டிப்புக்கு வெறும் 2.7 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 90 லட்சம். சில நாட்கள் கழித்து, அப்போதுதான் சூப்பர் போல் வென்றிருந்த பால்டிமோரின் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ, ஆறு ஆண்டுகளுக்கு 12.06 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல். ஒருவர் கொடை வள்ளல் என்று போற்றப்பட்டார். இன்னொருவர் பேராசைக்காரர் என்று ஏசப்பட்டார். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் என்ன நடந்தது தெரியுமா? இருவருமே தங்கள் நம்பிக்கைக்குரிய பந்துபிடிப்பாளரை இழந்தார்கள்.

பிரேடியின் கை அறிந்து ஓடும் வெஸ் வெல்கர் முந்தைய பருவத்தில் மட்டும் 118 பந்துகளைப் பிடித்தவர். அவர் டென்வருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 1.2 கோடி டாலருக்குப் போய்விட்டார். நியூ இங்கிலாந்து கொடுக்க முன்வந்தது ஒரு கோடி. பிரேடி கோடிக்கணக்கில் விட்டுக்கொடுத்த அதே வசந்தத்தில், அவருடைய அணி ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வித்தியாசத்தில் வெல்கரை விட்டுவிட்டது. வெல்கரின் இடத்துக்கு டேனி அமெண்டோலாவை ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. பணம் இல்லாமல் அல்ல. வெல்கர் வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது, அவ்வளவுதான். அடுத்த ஜனவரியில் நியூ இங்கிலாந்தை அரையிறுதிக்கு ஒப்பான மாநாட்டு இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தது டென்வர். வெல்கர் டென்வர் பக்கம் ஆடினார்.

பால்டிமோர் கதையைப் பாருங்கள். பந்துபிடிப்பாளர் ஆன்க்வான் போல்டின் அந்த சூப்பர் போலில் 104 கெஜம் பந்து பிடித்தவர். 60 லட்சம் டாலர் சம்பளத்தில் 20 லட்சத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மறுத்தார். டிராஃப்டின் ஆறாவது சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு அவரை விற்றுவிட்டார்கள், அதுவும் சூப்பர் போலில் தாங்கள் தோற்கடித்த சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்கே. எல்லோரும் ஃபிளாக்கோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆனால் அந்த மாபெரும் ஒப்பந்தத்தின் முதலாம் ஆண்டில் உச்சவரம்புக் கணக்கில் ஃபிளாக்கோவின் பங்கு 68 லட்சம் டாலர்தான். போல்டினை வைத்துக்கொள்ள இடம் கண்டுபிடிக்க முடிந்திருக்கும். பின்னால் வரப்போகும் ஆண்டுகளை எண்ணி நிர்வாகம் சிக்கனம் பிடித்தது என்பது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. பால்டிமோர் அந்தப் பருவத்தில் எட்டு வெற்றி எட்டுத் தோல்வியுடன் பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கான வாய்ப்பை இழந்தது. போல்டின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்.

இந்த இரண்டு கதைகளிலும் ஆளை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தீர்மானித்தவர் குவார்ட்டர்பேக் அல்லர். இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான். வீரர் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குறைத்த பணம் எங்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதிக்கொள்ள அவருக்கு வழியில்லை. அது நல்ல தடுப்பாட்டக்காரருக்குப் போகலாம், வயதான ஒருவருக்குத் தவறான விலையாகப் போகலாம், செலவழிக்கப்படாமலே அடுத்த ஆண்டுக் கணக்குக்குத் தள்ளப்படலாம். நம்பிக்கையின் பேரில் மட்டுமே ஒருவர் பல கோடிகளைக் கைவிட வேண்டும் என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் பக்தியை நாம் அணிப்பற்று என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரேடியின் வெற்றிகளை நான் குறைத்துப் பேசவில்லை. அவருடைய மலிவு விலை அணிக்கு உதவியது. ஆனால் அவர் இல்லத்தில் உலகின் மிக அதிக வருமானம் பெற்ற மாடல்களில் ஒருவரான ஜிசெல் புண்ட்சன் இருந்தார் என்பதையும், இருபது ஆண்டு ஆடிய பிறகு 2020இல் அவர் டாம்பா பே அணிக்கு முழு உத்தரவாதத்துடன் இரண்டு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலருக்குப் போய் முதல் பருவத்திலேயே சூப்பர் போல் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கம் பணம் இல்லையா? என்.எஃப்.எல். அணிகளில் கணக்கு வழக்கை ஊருக்குக் காட்டுவது கிரீன் பே மட்டுமே, ஏனென்றால் அது பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும் அணி. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில், தொலைக்காட்சி முதலிய தேசிய வருமானத்திலிருந்து அதற்குக் கிடைத்த பங்கு 43.26 கோடி டாலர். இந்தத் தேசிய வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுவது. அந்தப் பருவத்தின் உச்சவரம்பு 25.54 கோடி, வீரர் நலச் செலவுகள் ஏறத்தாழ 7.4 கோடி. உள்ளூரில் ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே ஓர் அணியிடம் பத்துக் கோடி மிச்சம். நம் ஊர் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் 1989இல் 14 கோடி டாலருக்கு வாங்கிய கௌபாய்ஸ், 2024இல் ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. அவரை யாரும் தியாகம் செய்யச் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்து, மூளை அதிர்ந்து உழைப்பவரைப் பார்த்துத்தான் கேட்கிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் குறைத்து வாங்கினால் அது அவரோடு நிற்பதில்லை. ஒரு வீரரைச் சந்தைக்குப் போகவிடாமல் ஓராண்டு பிடித்துவைக்க அணிகள் பயன்படுத்தும் ஃபிரான்சைஸ் டேக் தொகை, அந்த இடத்தில் ஆடுவோரின் மிக உயர்ந்த ஐந்து சம்பளங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மேலே உள்ளவர் இறங்கினால் கீழே உள்ளவர் எல்லோரும் இறங்குவார்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில், அவரே இவ்வளவுதான் வாங்கினார், உனக்கென்ன என்ற கேள்வி தவறாமல் எழும். தொழிற்சங்க வரலாறு அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உடலைப் பற்றியும் பேச வேண்டும். பிரெஸ்காட் 2016இல் டிராஃப்டின் நான்காவது சுற்றில் தேர்வானவர். முதல் பருவத்தில் அணியை 13 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றபோது அவருடைய அடிப்படைச் சம்பளம் 4.5 லட்சம் டாலர். அந்த ஆண்டுகளில் அணி அவருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. விதிப்படி தரவும் முடியாது. 2020இல் நீண்டகால ஒப்பந்தம் அமையாமல், 3.14 கோடி டேக் தொகையில் ஆடினார். அக்டோபரில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக அவருடைய கணுக்கால் முறிந்து எலும்பு வெளியே வந்த காட்சியை இங்கிருப்பவர்களில் பலர் நேரலையில் பார்த்திருப்பீர்கள். வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2018இல் கால் முறிந்தபோது நோய்த்தொற்று ஏறி, 17 அறுவை சிகிச்சைகள் நடந்தன. காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்த மனிதரைக் காத்தது அந்த ஆண்டு அவர் பிடிவாதமாகப் பெற்றிருந்த 7.1 கோடி டாலர் உத்தரவாதம். இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஆண்ட்ரூ லக் 29 வயதில் வலி தாங்காமல் ஓய்வு அறிவித்தார். இந்தத் தொழிலில் நாளைய பணம் என்று ஒன்றை நம்பி இன்றைய பணத்தை விடச் சொல்வது மனிதத்தன்மை ஆகாது.

சரி, அணியைக் கட்ட வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதற்குத் தொகையைக் குறைக்க வேண்டியதில்லை, காலத்தை மாற்றினால் போதும். சம்பளத்தைக் கையெழுத்துப் பணமாக மாற்றினால் அதை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்துக் கணக்கெழுதலாம். வீரர் கையில் பணம் உடனே சேரும். உச்சவரம்பில் இடமும் கிடைக்கும். ஃபிலடெல்ஃபியாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 2023இல் ஐந்து ஆண்டுகளுக்கு 25.5 கோடி டாலர் பெற்றார். நிர்வாகம் அந்தப் பணத்தைப் பிற்காலத்துக்குப் பரப்பி எழுதியது, பந்தை ஏந்தி ஓடும் நட்சத்திரம் சாக்வான் பார்க்லியைக் கூட்டிவந்தது, 2025 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்தி சூப்பர் போல் வென்றது. தள்ளிவைத்த கடன் ஒருநாள் வரும் என்பது உண்மை. ஆனால் உச்சவரம்பும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சவரம்பில் 13 சதவீதத்துக்கு மேல் எடுக்கும் குவார்ட்டர்பேக் சூப்பர் போல் வெல்ல முடியாது என்று நெடுங்காலம் ஓதிக்கொண்டிருந்தார்கள். 2022 பருவத்தில் கேன்சஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸ் ஏறத்தாழ 17 சதவீதத்துடன் வென்று அந்த மந்திரத்தை முடித்துவைத்தார்.

பார்சன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போனது பிரெஸ்காட்டால் அல்ல. உரிமையாளருக்கும் பார்சன்ஸின் முகவருக்கும் இருந்த பிணக்கு ஊரறிய நடந்தது. இடம் இல்லை என்ற வாதமும் நிற்காது. அதே ஆண்டு நவம்பரில் பெரிய சம்பளக்காரரான க்வின்னன் வில்லியம்ஸை ஜெட்ஸ் அணியிடமிருந்து வாங்க இடம் இருந்ததே. பிரெஸ்காட்டின் விலை ஏறியதற்கும் காலம் தாழ்த்தியவர்களே காரணம். 2021இல் 16 கோடிக்கு முடிந்தது 2024இல் 24 கோடி ஆயிற்று.

குறைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. 2015இல் டென்வரில், ஆட்டம் தளர்ந்துவந்த பெய்டன் மேனிங் 1.9 கோடியிலிருந்து 1.5 கோடிக்கு இறங்கினார். மாநாட்டு இறுதியையும் சூப்பர் போலையும் வென்றால் அந்த 40 லட்சமும் திரும்ப வரும் என்று எழுதிக்கொண்டார். வென்றார், பணமும் வந்தது. உடல் இறங்குமுகத்தில் இருக்கும்போது, பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு இறங்குவதை நான் மதிக்கிறேன்.

உச்சத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதை சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ செய்தார். 2023இல் 27.5 கோடி ஒப்பந்தம் பெற்றவர். 2024 பருவம் பிளேஆஃப் இல்லாமல் முடிந்தபோது, பந்துபிடிப்பாளர்கள் ஜமார் சேஸையும் டீ ஹிக்கின்ஸையும் விடக்கூடாது என்று வெளிப்படையாகவே நிர்வாகத்தை நெருக்கினார். தன் ஒப்பந்தத்தை அதற்கேற்ப மாற்றியமைக்கவும் தயார் என்றார். செலவுக்கு அஞ்சும் அணி என்று பெயர் வாங்கிய அணி அது. 2025 மார்ச்சில் இருவருக்கும் சேர்த்து 27 கோடிக்கு மேல் ஒப்பந்தம் எழுதியது. பரோவின் தொகையில் ஒரு டாலரும் குறையவில்லை. அந்த செப்டம்பரில் கால்விரலில் காயம்பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நவம்பர் கடைசி வரை அவர் ஆட முடியவில்லை. அந்த வாரங்களிலும் அவருடைய சம்பளம் தவறாமல் வந்தது. அதில் ஒரு பங்கைக்கூட அவர் யாருக்கும் கடன்பட்டிருப்பதாக நான் நினைக்கவில்லை.

வணக்கம்.