மேட்டில் ஒரு நகரம், யாருக்கு எவ்வளவு ஏற்றம்?

வணக்கம் நேயர்களே. செங்குத்தான மலைகளின் மேல் நகரம் அமைந்தால் அங்கே வாழ்க்கையும் வளர்ச்சியும் எப்படி ஆகின்றன என்று பேசச் சொன்னார்கள். காட்சி அழகாக இருக்கும், காற்று நன்றாக வரும், அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏறி இறங்குகிறவர்களின் பாட்டைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தில் இரண்டு வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன, ஆனால் ஒன்று மற்றதைவிட 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் படிகளாகக் கட்டினால் 660 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். வண்டி போக, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாலை போட்டால் அது வளைந்து வளைந்து ஒரு கிலோமீட்டர் ஓடும். சக்கர நாற்காலிக்குப் பல நாடுகளில் சொல்லப்படும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சாய்தளம் கட்டினால் 1,200 மீட்டர், நடுநடுவே இளைப்பாறும் சமதளங்கள் தனி. ஆக, கால் திடமாக இருப்பவருக்கு அது பக்கத்து வீடு, முட்டி தேய்ந்தவருக்கு அதுவே வேற்றூர். படிக்கட்டு மட்டுமே உள்ள தெருவில் குளிர்சாதனப் பெட்டி தோளில்தான் ஏறும், நோயாளி நான்கு பேர் கையில்தான் இறங்குவார், குப்பை வண்டி கீழேயே நின்றுவிடும்.

அதனால் மலை நகரத்தில் யார் எங்கே குடியிருக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது உயரம் இல்லை. மேலே போக யாருடைய உழைப்பு செலவாகிறது என்பதுதான். ஹாங்காங்கில் விக்டோரியா சிகரத்தின் மேல் வெள்ளைக்காரர்கள் பல்லக்கில் போனார்கள், 1888ல் கம்பி வடத்தால் இழுக்கப்படும் ரயில் வந்தது, 1904ல் அந்தப் பகுதியில் சீனர்கள் குடியிருக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது நீங்கியது. சான் பிரான்சிஸ்கோவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே மேடு பள்ளம் பார்க்காமல் கட்டம் போட்ட மாதிரி நேர்த் தெருக்களை வரைந்துவிட்டார்கள். குதிரை வண்டி திணறியது. 1873ல் ஆண்ட்ரூ ஹாலிடி தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வண்டியை ஓட்டிக் காட்டினார். அப்புறம் நாப் ஹில் மேட்டில் ரயில் முதலாளிகளின் மாளிகைகள் எழும்பின. இன்றைக்கும் அந்த ஊரில் சரிவில் காரை நிறுத்தினால் முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் முட்டி நிற்கும்படி திருப்பி வைக்காவிட்டால் அபராதம்தான்.

இதற்கு நேர் எதிராக, கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் மேலே இருப்பவர்கள் ஏழைகள். கிராமங்களில் நடந்த சண்டைக்குப் பயந்து வந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கில் இடம் கிடைக்கவில்லை, மலையில் ஏறிக் கட்டிக்கொண்டார்கள். 2004ல் அங்கே கேபிள் கார் வந்தது. சுற்றுலாவுக்காக இல்லை, மெட்ரோ ரயிலோடு இணைந்த அன்றாடப் போக்குவரத்தாக. 2011ல் கொமூனா 13 என்ற பகுதியில் திறந்தவெளியில் மின்படிக்கட்டுகளையே அமைத்துவிட்டார்கள். பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் வசதியானவர்கள் கீழே, காற்று கொஞ்சம் கனமாகவும் குளிர் கொஞ்சம் குறைவாகவும் உள்ள பக்கம். 4,000 மீட்டருக்கு மேல், பக்கத்து நகரமான எல் ஆல்டோவில் உழைப்பாளிகள். 2014 முதல் இரண்டு நகரங்களையும் கேபிள் கார்கள் இணைக்கின்றன. வீடுகள் நெருக்கியடித்த சரிவில் சாலை போட வேண்டுமானால் பாதி வீடுகளை இடிக்க வேண்டும். கேபிள் காரைத் தாங்கும் கம்பத்துக்கு ஒரு துண்டு நிலம் போதும். கேபிள் காரை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பலத்த காற்றடித்தால் அது நின்றுவிடும், பெட்டிக்குச் சில பேர்தான் ஏற முடியும், பீரோவை ஏற்ற முடியாது. எனவே படிக்கட்டைப் பழுது பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

ஹாங்காங்கில் 1993ல் திறந்த மின்படிக்கட்டுத் தொடர் ஒன்று இருக்கிறது, 800 மீட்டர் நீளம். காலையில் அலுவலக நேரத்தில் கீழ்நோக்கி ஓடும், பத்து மணிக்கு மேல் மேல்நோக்கித் திரும்பிவிடும். காலையில் மேலே போக வேண்டிய வீட்டு வேலைக்காரர் பக்கத்திலுள்ள படிகளில் ஏற வேண்டியதுதான்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் ஒவ்வொரு பத்து மீட்டர் ஏறவும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் வேண்டும். ஒரே குழாயில் மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் கொடுத்தால், மேலே குழாயில் வெறும் காற்று வரும், கீழே குழாய் வெடிக்கும். ஆகவே அடுக்கடுக்காகத் தொட்டி, பம்பு, அழுத்தம் குறைக்கும் வால்வு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை மண்சரிவுதான். 1972 ஜூன் 18, ஹாங்காங்கில் பெருமழைக்குப் பின் ஒரே நாளில் இரண்டு இடங்களில் சரிவு இடிந்தது. ஓரிடத்தில் குடிசைகள் புதைந்தன, இன்னோர் இடத்தில் 12 மாடிக் கட்டடமே சாய்ந்தது. நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடிசைகள் புதைந்த சாவ் மாவ் பிங் பகுதியிலேயே 1976ல் மறுபடியும் ஒரு சரிவு. 1977ல்தான் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் வந்தது. இன்று அங்கே மனிதன் வெட்டிய, மண் கொட்டி உருவாக்கிய சரிவுகள் ஏறத்தாழ 60,000, ஒவ்வொன்றுக்கும் எண். தெருவோரத் தடுப்புச் சுவரில் அந்த எண் பலகையைப் பார்க்கலாம், அதை யார் பராமரிக்க வேண்டும் என்பதும் பதிவில் இருக்கும்.

மேட்டில் மனை அனுமதி கொடுக்கும்போது மனையை மட்டும் அளந்து பார்ப்பது பெரிய தப்பு என்பேன். கீழ் வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று சரிவின் அடியைத் தோண்டினால் போகிறது மேல் வீடு. முழுச் சரிவையும் பார்த்துத்தான் அனுமதி கொடுக்க வேண்டும்.

நீங்கள் சரிவில் குடியிருப்பவரானால், மழைக்காலத்துக்கு முன் உங்கள் தெருத் தடுப்புச் சுவரைப் போய்ப் பாருங்கள். அதில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிவதற்கு. அவற்றில் மண்ணும் வேரும் அடைத்திருந்தால் தண்ணீரின் அழுத்தம் முழுக்கச் சுவர் மேல்தான். சுவர் பிதுங்கியிருந்தாலோ, மேலே தரையில் புது வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.