வாடகைச் சாமானும் ஆடி மாத வேலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பாத்திரம், பந்தல், மைக் செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வருகிறார்கள். மாற்றின கொஞ்ச நாளில் ஒரு புலம்பல் வரும். "பில் அழகா வருதுங்க. தை முகூர்த்தத்துக்கு அண்டா இருக்கான்னு கேட்டா மட்டும் பழைய நோட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கு." இந்த மென்பொருள்களைக் கடைகளுக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் அந்தப் புலம்பலுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

வியாபார மென்பொருள்கள் பெரும்பாலும் வாங்கி விற்கிற கடையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சரக்கு வந்தால் இருப்பு ஏறும், பில் போட்டால் இறங்கும். வாடகைச் சாமான் அப்படியல்ல. போகும், வரும், சில நேரம் ஒடுக்கு விழுந்து வரும். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் சிலர் விற்பனையாகவே பில் போட்டுவிட்டு, சாமான் திரும்பியதும் விற்பனைத் திருப்பம் என்று எழுதிவிடுகிறார்கள். இருப்பு நேராகிவிடும், வாடகை வருமானமும் அதோடு கழிந்துபோகும். ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். வேறு சிலர் 'பாத்திர வாடகை' என்று ஒரு சேவையை மட்டும் திறந்து பில் போடுகிறார்கள். ஜிஎஸ்டிக்கு அது சரி, வாடகை அங்கே சேவைதான். ஆனால் எந்த அண்டா எந்த ஊரில் கிடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஆகவே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பில்லில் ஏறுவது சேவை, குடோனில் இருப்பது சொத்து, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது, எது எந்த நாளில் யாரிடம் என்கிற தேதிப் பதிவு. ஈஆர்பிநெக்ஸ்ட் என்று திறமூல வகை, அதாவது மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிற, வியாபார மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பொருளை நிலையான சொத்து (விற்காமல் வைத்துப் புழங்குவது) என்று குறித்துவிட்டால், அதையே சரக்கிருப்பாகவும் வைத்துக்கொள்ள அது விடாது. பலருக்கு இதில் எரிச்சல். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. சொத்துக்குத் தேய்மானம் உண்டு, விற்கிற சரக்குக்கு இல்லை. பராமரிப்புக்கும் பழுதுக்கும் அதில் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. வாடகைத் தேதிக்கான படிவத்தை நாமே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் தனி எண் கொடுக்கப் புறப்படாதீர்கள். ஜெனரேட்டர், பெரிய அண்டா, ஆம்ப்ளிஃபயருக்குத் தனித்தனி எண். நாற்காலி, கரண்டி எல்லாம் மொத்தக் கணக்கு. அண்டாவில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். விறகடுப்பில் ஒரு கல்யாணம் ஏறி இறங்கினால் அது கரியாகிவிடும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பித்தளைச் சாமானுக்குப் பேர் வெட்டி வைப்பது போல, விளிம்புக்குக் கீழே எண்ணை வெட்டிவிடுங்கள்.

இனி தேதிக்கு வருவோம். உங்களிடம் 200 நாற்காலி இருக்கிறது என்று வையுங்கள். 3ஆம் தேதி முதல் 5 வரை பள்ளத்தூருக்கு 120. 6 முதல் 8 வரை கானாடுகாத்தானுக்கு 120. இப்போது ஒருவர் 4 முதல் 7 வரை 80 கேட்கிறார். சரக்கு முறையில் யோசிக்கிற மென்பொருள் இரண்டு 120ஐயும் கூட்டி, 240 ஆகிவிட்டது, இல்லை என்று சொல்லும். நாள் நாளாகப் பார்த்தால் எந்த நாளிலும் 120க்கு மேல் வெளியே இல்லை. 80 தாராளமாகக் கொடுக்கலாம். வந்த வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அந்தக் கூட்டல் கணக்குதான். 5ஆம் தேதி இரவு வந்ததை 6ஆம் தேதி காலை ஏற்ற முடியுமா என்பது வேறு விஷயம். நாற்காலிக்கு முடியும். பாத்திரத்துக்குக் கழுவ, எண்ண, ஒடுக்கு பார்க்க ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பழுதுபார்ப்பையும் இதே தேதிப் பதிவில் எழுதுங்கள் என்பதைத்தான். ஈயம் பூசப் போன அண்டாவும் அந்த நாட்களில் வெளியே போன அண்டாதான். யாருக்கு என்ற இடத்தில் 'பராமரிப்பு' என்று இருக்கட்டும். பழுது ஒரு நோட்டிலும் முன்பதிவு இன்னொன்றிலும் இருந்தால், பட்டறையில் கிடக்கிற அண்டாவுக்கு அட்வான்ஸ் வாங்கிவிடுவீர்கள். ஈயம் போன பித்தளையில் புளி விட்டால் குழம்பு களிம்பேறும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது பராமரிப்பது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பாத்திரத்துக்கு அதுதான் காலம். அதே ஆடியில் அம்மன் கோயில்களில் மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஓய்வே இருக்காது. மாசி பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பராமரிப்பு மாதம் வைத்தால் உதவாது.

ஜெனரேட்டருக்கு மாதக் கணக்கே வேண்டாம், ஓடிய மணிதான் கணக்கு. போகும்போது ஹவர் மீட்டர் 1,180, வரும்போது 1,214. அடுத்த ஆயில் மாற்றம் 1,250இல். அடுத்த முன்பதிவில் 40 மணி நேரம் ஓடும் என்றால் திருவிழாவின் நடுவில் 1,250 தாண்டிவிடும். மாற்றிவிட்டு அனுப்புங்கள். இதற்காகத்தான், மீட்டர் எண் இல்லாமல் திரும்பல் சலானை (சாமான் திரும்பி வந்ததற்கான சீட்டை) மென்பொருள் ஏற்கவே கூடாது என்று அமைத்துக் கொடுக்கிறேன். கடைப் பையன்கள் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

பண விஷயம் சுருக்கமாக. வாங்கும் அட்வான்ஸ் அப்போதே வருமானமல்ல, வாடகையில் கழிக்கவோ திருப்பித் தரவோ வேண்டிய கடன். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டும். பழுதுச் செலவை அந்தந்தச் சொத்தின் எண்ணில் எழுதினால், எந்த ஜெனரேட்டர் சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று வருஷக் கடைசியில் தெரியும்.

இன்றைக்கே தொடங்குகிறவர்கள் ஜெனரேட்டரையும் அண்டாவையும் மட்டும் ஏற்றுங்கள். கரண்டி, ஜல்லடை எல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும், அவசரமில்லை. ஆடிக்குள் எண் வெட்டி முடித்தால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தேதிப் பதிவை ஓட்டிப் பார்க்கலாம். வணக்கம்.