கண்ணில் படும் இடத்தில் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். "கிரிக்கெட் என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் பார்க்கிறான். கணக்குப் புத்தகம் என்றால் மட்டும் பத்து நிமிடம் தாங்கவில்லை. இது குறைபாடா, கொழுப்பா?" ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் கவனமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிடித்த விஷயம் அதைத் தானாக இழுத்துக்கொள்ளும். பிடிக்காத பக்கம் திருப்புவதில்தான் சிக்கல்.

இந்தக் கவனக்குறைபாட்டுக்கு ஏடிடி (Attention Deficit Disorder) என்ற பெயர் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் வந்தது. 1987-இல் அது, துறுதுறுப்பையும் சேர்த்துச் சொல்லும் ஏடிஎச்டி என்று மாறியது. துறுதுறுவென்று ஓடாமல், வகுப்பில் அமைதியாக உட்கார்ந்தபடியே எங்கோ போய்விடும் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். பெண் பிள்ளைகள் பலர் இப்படி யாரும் கவனிக்காமலே பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறார்கள்.

ரஸ்ஸல் பார்க்லி என்ற உளவியலாளர் இதை நன்றாக விளக்குவார். என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் செய்ய முடிவதில்லை. அப்படியானால் இன்னும் கொஞ்சம் அறிவுரை சொல்லி என்ன பயன்? வேலை நடக்கும் இடத்தில்தான் உதவி இருக்க வேண்டும்.

ரெக்கார்டு நோட்டையே எடுத்துக்கொள்வோம். பீரோவுக்குள் போய்விட்டால் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே இல்லை. கதவில்லாத ஒரு தட்டு போதும். நாளை கொடுக்க வேண்டியது எல்லாம் அங்கேதான் இருக்கும். இரவே பையில் வைத்து, பையை வாசல் பக்கம் வைத்துவிடுங்கள். ஹோம்வொர்க் எழுத நாலு இடம் வேண்டாம், ஒரே டைரி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கலர் கலராக டைம்டேபிள் எழுதுவது இருக்கிறதே, அதை எழுதும்போது வரும் உற்சாகம் எழுதி முடித்ததோடு சரி!

அடுத்தது நேரம். ஆகஸ்ட் மாதத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மார்ச் மாதப் பொதுத்தேர்வு தொடவே தொடாது. "நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்" என்பதும் அப்படித்தான், ரொம்பத் தூரம். இன்று சாயங்காலம் அரை மணி நேரம் ஷட்டில் என்றால் வேலை நடக்கும். "வேதியியல் படி" என்று சொல்வதற்குப் பதிலாக, "புத்தகத்தைத் திற, பாடத்தின் பின்னால் இருக்கிற ஒரு மதிப்பெண் வினா ஐந்து மட்டும் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். உற்சாகம் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால் இரவாகிவிடும். பல பிள்ளைகளுக்கு ஆரம்பித்த பிறகுதான் அது வரும். இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற முறை பிரபலம். முடியாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம், முள் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு.

அப்புறம், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். பாட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கேள்வி மட்டும் கேட்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் படிப்பு தடுமாறினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். இதற்குப் பொதுவாகக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்துதான். ஆனாலும் பையை அடுக்கும் பழக்கத்தைத் தனியாகத்தான் பழக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று பிரமாதமாக வேலை செய்யும் முறை சில வாரங்களில் சலித்துவிடும். அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். டைரிக்குப் பதில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, மேஜைக்குப் பதில் மொட்டை மாடி என்று மாற்றிக் கொடுங்கள். அதுவும் சலித்தால் பழைய டைரிக்கே திரும்பலாம். நன்றி, வணக்கம்.