எட்டாவது மாடி வரை

வணக்கம், நேயர்களே. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. லிப்டில் ஏறினால், பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பவர் எந்த மாடி என்று கேட்பார். என் கணவர் உடனே பதில் சொல்ல மாட்டார். இடது கைக் கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுத் தொட்டு, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று தொடங்குவார். எட்டு வந்ததும் நிறுத்தித் தலையாட்டுவார். புதிதாகக் குடிவந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் லிப்டின் கூரையைப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கப் பழகுவதற்கே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரைப் பசியாறக் கூப்பிட்டேன். எழுந்தவர் தள்ளாடினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ பேசினார், ஒரு சொல்லும் புரியவில்லை. அது பக்கவாதம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கை மரத்துப் போயிருக்கும் என்று தைலம் தேய்த்தேன். மைலோ கலக்கிக் கொடுத்தேன். பாதி கடைவாயில் வழிந்தது. ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைக்கத் தோன்றவே இல்லை. மூன்று மணி நேரம் இப்படியே போனது.

மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. பொதுவாக, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக்கசிவா என்று பார்த்தாக வேண்டும். எல்லோருக்கும் அது பொருந்தாது. எங்கள் விஷயத்தில் பொருந்துமா என்ற கேள்விக்கே நான் நேரம் வைக்கவில்லை. விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தைலப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து முதல் சொல் வந்தது: “தாக் ஆப்பா.” மலாயில் ‘பரவாயில்லை’. அப்பா என்கிறாரே, செத்துப்போன தாத்தாவைத் தேடுகிறாரோ என்று என் மகன் கலங்கிவிட்டான். இவர் முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் கணக்கெழுதியவர். தமிழ், மலாய், சந்தைக்குப் போதுமான ஹொக்கியன் சீனம் எல்லாம் சரளம். பல மொழி பேசுவோருக்கு எல்லா மொழியும் ஒன்றாகத் திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

பெரும்பாலானோருக்கு மொழியின் வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. அங்கே அடிபட்டால் வலது கை, காலோடு பேச்சும் விழுந்துவிடுகிறது. பேச்சு போனதால் அறிவு போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது ‘டான்’ என்ற ஒலிதான்; சொன்னது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. ஆனால் எண் வரிசை, கிழமைகள், சிறுவயதில் மனப்பாடமான பாட்டு எல்லாம் வேறு தடத்தில் வந்துவிடும். ‘ஆறு’ என்று தனியாகச் சொல்ல வராதவர், ஒன்றிலிருந்து ஓடி வந்து ஆறைத் தொடுவார்.

ஒரு தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றோம். கூட்டம் “வெற்றிவேல்” என்று கூவ, “வீரவேல்” என்று இவர் குரல் பிசிறில்லாமல் எழுந்தது. “குணமாகிவிட்டாரே!” என்றார் ஓர் உறவினர். அடுத்த நிமிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க இவருக்குச் சொல் கிடைக்கவில்லை. மேலே 513 படிகள். அதில் ஒன்றைக்கூட இவர் இன்னும் ஏறவில்லை. உறவினர்களின் வைத்தியக் குறிப்புகளை இங்கே சொல்ல நேரம் போதாது. ஒன்று மட்டும்: விழுந்துவிட்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும்.

நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கத்தை 1996-இல் தொடங்கிய ஜேனட் இயோ தாமே பக்கவாதம் கண்டவர். அதற்குப் பினாங்கிலும் ஒரு நிலையம் உண்டு. நாங்கள் பயிற்சிக்குப் போன இடத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் என்னை வெளியே அழைத்தார். “அக்கா, கேள்வி அவருக்கு, பதில் உங்களிடமிருந்து வருகிறது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிறகு பேசுங்கள்” என்றார். எனக்குக் கோபம். குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் மூன்று முறை எழுந்து நிற்கிறவள் நான். எனக்கு வாயை மூடச் சொல்லித்தருகிறாளே! அன்று பஸ்ஸில் இருவரும் பேசவே இல்லை. அவரால் முடியவில்லை, நான் வீம்புக்கு.

முதல் ஆறு மாதத்தோடு முன்னேற்றம் நின்றுவிடும் என்று பலர் சொன்னார்கள். வேகம் குறைந்தது உண்மை. ஆனால் நாலாம் ஆண்டில்தான் இவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட்டார். கீழேயிருந்து மேலாக, ஐந்து பொத்தான், பதினொரு நிமிடம். நான் கதவுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் லிப்டில் பதினோராம் மாடிச் சிறுமி ஒருத்தி இருந்தாள். மலாய்க் குழந்தை, ஆறு வயது இருக்கும். இவரோடு போய்வந்தே தமிழில் எட்டு வரை எண்ணக் கற்றிருக்கிறாள். எட்டில் கதவு திறந்தது. எட்டுக்குப் பிறகு என்ன என்று அவள் கேட்டாள். இவர் இறங்கவில்லை. முதலிலிருந்து “ஒன்று” என்று தொடங்கிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

கையில் மீன் பையோடு நான் எட்டாவது மாடியில் நின்றிருந்தேன். வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது.