குமரி ரோட்டுக்கு எந்த மாருதி?

மக்களே, வணக்கம். கமெண்டில் நிறைய பேர் கேட்பது ஒன்றுதான்: முதல் கார், பட்ஜெட் குறைவு, மாருதியில் எதை எடுக்கலாம்?

2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் வரும் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், அதனால் ஆல்டோவுக்கென்று பணம் சேர்த்தவர்கள் இப்போது வேகன்ஆர் பக்கம் பார்க்க முடிகிறது, பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆல்டோ கே10 இரண்டு பேருக்கு அருமையான வண்டி. மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் இதைப்போல வளைத்து எடுக்க வேறு வண்டி கிடையாது. ஆனால் நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற ஏற்றத்தில் விட்டுப் பாருங்கள், இரண்டாம் கியரை விட்டு மேலே போக மனசே வராது. செலேரியோவிலும் அதே ஒரு லிட்டர் இன்ஜின்தான், மைலேஜுக்கு எடுக்கலாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு வேகன்ஆரில் 1.2 லிட்டர் இன்ஜின் வண்டிக்கு. நாலு சிலிண்டர், 90 பிஎஸ் பவர், எடையும் குறைவு, ஏற்றத்தில் திணறாது. அதைவிட முக்கியம் சீட்டின் உயரம். முட்டுவலி உள்ள பாட்டி குனியாமல், கதவைப் பிடித்துத் தொங்காமல், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுத்து வைக்கலாம். டிக்கி 341 லிட்டர், சிஎன்ஜி எடுத்தால் அந்த இடத்தில் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். உயரமான வண்டி என்பதால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் போக வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை மோதவிட்டுப் பார்த்து ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையில் 2023இல் வேகன்ஆர் ஒரு ஸ்டார்தான் வாங்கியது, ஆல்டோ கே10 இரண்டு. இப்போது ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் வருகிறது, நல்லதுதான், ஆனால் ஏர்பேக் கூடியதால் பாடி உறுதியாகிவிடாது. 2024இல் வந்த புது டிசையர் அதே சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கியிருக்கிறது. வாரா வாரம் குடும்பத்தோடு திருவனந்தபுரமோ மதுரையோ ஹைவேயில் ஓடுபவர் என்றால் கொஞ்சம் கூடப் போட்டு டிசையரே எடுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் மூன்று சிலிண்டர் இன்ஜின், நின்ற இடத்தில் லேசான அதிர்வு தெரியும், ஓட ஓடப் பழகிவிடும். ஸ்விஃப்டிலும் அதே இன்ஜின்தான், டிக்கி சின்னது.

குளச்சல், மணக்குடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் எந்த மாடல் எடுத்தாலும் அண்டர்பாடி கோட்டிங், அதாவது வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சு, போட்டுவிடுங்கள், சக்கரத்துக்கு மேலே உள்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் நாகர்கோவிலுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். அதோடு விடாதீர்கள், வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு நல்ல ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.